கூரையைத் தாண்டிய ஊசல்

நான் எழுதிய முதல் ஊசல் ஒரு நிமிடம் முடிவதற்குள் தலைக்கு மேலே ஏறி முழு வட்டம் அடிக்க ஆரம்பித்தது. ஒரு மீட்டர் நீளம். 60 டிகிரி சாய்த்து, கையை விட்டதாகக் கணக்கு. காற்றுத் தடை கிடையாது, பின்னாலிருந்து தள்ளிவிட ஆளும் கிடையாது. அப்படிப்பட்ட ஊசல் விட்ட உயரத்துக்குத் திரும்பி வரலாம், அதற்கு மேல் ஒரு நூலளவும் ஏறக்கூடாது. என் மடிக்கணினித் திரையிலோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி சுற்றியது.

இரவு பதினொன்றரை மணி இருக்கும். திருவல்லிக்கேணியில் எங்கள் தெரு அடங்கிவிட்டது. சூத்திரத்தைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று நான்கு முறை சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிழை இயற்பியலிலும் இல்லை, தட்டச்சிலும் இல்லை. முறையிலேயே இருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்திலிருந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக, தனி ஊசல் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'கோணம் மிகச் சிறியது எனக் கொள்க'. கோணம் பெரியதாக இருந்தால் என்ன ஆகும் மிஸ் என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். அதெல்லாம் மேல்படிப்பில் வரும் என்று சொல்வேன். எனக்கு மேல்படிப்பில் வந்தது. எம்.எஸ்சி.யில் எண்முறைப் பகுப்பாய்வு என்று ஒரு தாளே இருந்தது. சமன்பாட்டின் விடையை எண்களால் எட்டு எட்டாக நடந்து கண்டுபிடிக்கும் ரூங்கே–குட்டா முறையை மனப்பாடம் செய்து, கால்குலேட்டரைத் தட்டி, 0.1 இல் மதிப்பு என்ன, 0.2 இல் மதிப்பு என்ன என்று இரண்டே இரண்டு எட்டு வைத்துக் காட்டிவிட்டு வந்துவிடுவோம். பத்து மதிப்பெண். மூன்றாவது எட்டை நாங்கள் யாரும் வைத்ததில்லை. இந்த முறைகளின் உண்மையான குணம் இரண்டாயிரமாவது எட்டில்தான் தெரியும் என்பது இப்போதுதான் தெரிகிறது.

போன கோடை விடுமுறையில் என் மகள் தன் பழைய மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழியைப் போட்டுக் கொடுத்தாள். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "அம்மா, உனக்கு வேண்டியது நாலே விஷயம்தான். ஒரு எண்ணுக்குப் பேர் வைக்கறது, திரும்பத் திரும்பச் செய்ய வைக்கறது, ஒரு நிபந்தனை, அப்புறம் வரைபடம். மீதியெல்லாம் உன்கிட்ட இருக்கு" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். இரண்டு வாரத்தில் அந்த நான்கும் கைக்கு வந்துவிட்டன.

சரி, ஊசல் ஏன் ஏறியது?

நான் பயன்படுத்தியது 18 ஆம் நூற்றாண்டில் கணிதமேதை ஆய்லர் சொன்ன முறை. யோசனை மிகவும் எளிது. இப்போது ஊசல் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரியும். அடுத்த நூற்றில் ஒரு பங்கு நொடிக்கு அதே வேகம் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு புது இடத்தைக் கணக்கிடு. இப்போது இருக்கும் இடத்தின் முடுக்கத்தை வைத்துப் புது வேகத்தைக் கணக்கிடு. மறுபடி முதலிலிருந்து. வகைக்கெழுச் சமன்பாடு என்று மிரட்டும் பெயர் வைத்திருக்கிறோம். 'இப்போது இப்படி இருந்தால், அடுத்த நொடி எப்படி இருக்கும்?' என்ற கேள்விதான் அது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இத்தனை வருடம் தொகையிட்டு விடை எழுதியிருக்கிறேன், ஆனால் சமன்பாடு என்னைப் பார்த்து இப்படி ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறது என்று தோன்றியதே இல்லை.

சிக்கல் அந்த 'அதே வேகம் நீடிக்கும்' என்பதில் இருக்கிறது. வட்டப் பாதையில் ஓடுகிற ஒருவர் ஒவ்வொரு எட்டையும் தொடுகோட்டின் வழியே நேராக வைக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எட்டிலும் வட்டத்துக்கு வெளியேதான் போய் நிற்பார். உள்ளே ஒருநாளும் வரமாட்டார். ஊசலின் இடத்தையும் வேகத்தையும் ஒரு வரைபடத்தில் போட்டால் அது ஒரு மூடிய வளையம். ஆய்லர் முறை அந்த வளையத்திலிருந்து ஒவ்வொரு எட்டிலும் மயிரிழை வெளியே தள்ளுகிறது. வெளியே போவது என்றால் ஆற்றல் கூடுவது. யாரும் கொடுக்காத ஆற்றல். எட்டைப் பத்து மடங்கு சின்னதாக வைத்துப் பார்த்தேன். பத்து மடங்கு நேரம் கழித்து அதே கூத்து.

இதற்குத் தீர்வு என்ன தெரியுமா? இரண்டு வரிகளை இடம் மாற்றுவது. முதலில் புது வேகத்தைக் கணக்கிடு. பிறகு, பழைய வேகத்தை விட்டுவிட்டு, அந்தப் புது வேகத்தைக் கொண்டே இடத்தை மாற்று. அவ்வளவுதான். கூடுதலாக ஒரு பெருக்கல்கூட இல்லை. ஊசல் 60 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே அடக்கமாக ஆடியது. பத்து நிமிடத்துக்கான கணக்கை ஓடவிட்டேன். ஆற்றல் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் பழைய இடத்துக்கே வந்துகொண்டிருந்தது.

இந்த இடமாற்றத்தைப் பற்றி ஆலன் குரோமர் என்ற இயற்பியல் ஆசிரியர் 1981 இல் ஒரு கட்டுரை எழுதினார். அதனால் ஆய்லர்–குரோமர் முறை என்கிறார்கள். ஆனால் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தது ஒரு பள்ளி மாணவி என்பதை அவரே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். வரிகளை மாற்றி எழுதிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். இதை என் வகுப்பில் சொல்லும்போது என் குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

திரையில் வந்தது நிஜமா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பியில் நூல் கட்டி, ஒரு பழைய பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டேன். பாடப்புத்தகச் சூத்திரப்படி ஒரு ஆட்டத்துக்கு 2.007 நொடி. 60 டிகிரியில் என் கணக்கு சொன்னது 2.154 நொடி. ஐந்து ஆட்டத்துக்குப் பார்த்தால் 10.03 க்கும் 10.77 க்கும் உள்ள வித்தியாசம். கைபேசி நிறுத்துக் கடிகாரத்தில் எனக்குக் கிடைத்தது 10.6. காற்றில் வீச்சு குறைந்துகொண்டே வருவதால் கொஞ்சம் முன்னதாக முடிவது நியாயம்தான். ஆனால் 10.03 இல்லவே இல்லை. 'மேல்படிப்பில் வரும்' என்று நான் தள்ளிப்போட்ட அந்த முக்கால் நொடியை, இருபத்திரண்டு வருடம் கழித்து என் மாடியில் பார்த்தேன்.

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. எறிபொருள், அதிர்வு, கோள்களின் பாதை என்று போய்க்கொண்டே இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு நட்சத்திரத்துக்கு வருகிறேன். ஏனென்றால் அது எங்கள் பேட்டைக் கதை.

நான் காய்கறி வாங்கப் போகும் வழியில், பெரிய தெருவில் இருக்கிறது இந்து மேல்நிலைப் பள்ளி. சுப்ரமணியன் சந்திரசேகர் 1922 முதல் 1925 வரை அங்கே படித்தார். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி. அங்கே 1930 வரை. 1928 இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது இந்த இளைஞர் போய்ப் பார்த்தார், புதிய குவாண்டம் புள்ளியியல் பற்றி அவரிடமிருந்துதான் அறிந்துகொண்டார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறும்போது அவருக்கு வயது 19. எரிந்து முடிந்த நட்சத்திரம் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்று அந்தக் கப்பலில் போட்ட கணக்கு ஐம்பத்து மூன்று வருடம் கழித்து நோபல் பரிசு வரை போனது. கதை எல்லாருக்கும் தெரியும். கணக்கு? எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. அதை நானே போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது.

நட்சத்திரத்தின் உள்ளே இரண்டு சக்திகள். ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, அழுத்தம் வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டும் சமமாக நிற்கவேண்டும். அடர்த்தி கூடினால் அழுத்தம் எவ்வளவு கூடும் என்பதை ஒரு அடுக்கு எண் சொல்கிறது. இதையெல்லாம் சேர்த்து எழுதினால் லேன்–எம்டன் சமன்பாடு கிடைக்கும். எம்டன் என்றதும் சென்னைக்காரர்களுக்கு 1914 இல் குண்டு போட்டுவிட்டுப் போன கப்பல் ஞாபகம் வரும். இவர் வேறு, ராபர்ட் எம்டன். அந்தச் சமன்பாட்டில் நட்சத்திரத்தின் மையத்தில் 1 என்று தொடங்கும் ஒரு அளவு, வெளியே போகப் போகக் குறையும். எங்கே பூஜ்யத்தைத் தொடுகிறதோ அங்கே நட்சத்திரம் முடிகிறது. அடுக்கு எண் 0, 1, 5 ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் பேனாவால் எளிதாக விடை எழுதலாம். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரத்துக்கு, அதாவது வெள்ளைக் குள்ளனுக்கு, வேண்டியது ஒன்றரையும் மூன்றும். இரண்டுக்கும் எட்டு எட்டாக நடந்தே ஆகவேண்டும்.

இம்முறை ரூங்கே–குட்டா. 1895 இல் ரூங்கே தொடங்கி 1901 இல் குட்டா முடித்த முறை. ஒரு எட்டு வைப்பதற்கு முன் நான்கு இடத்தில் சரிவைப் பார்த்து, நடுவில் பார்த்ததற்கு இரட்டிப்பு மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுப்பது. பரீட்சையில் மனப்பாடம் செய்த அதே நான்கு வரிகள்.

ஓடவிட்டேன். முதல் எட்டே வைக்கவில்லை. பூஜ்யத்தால் வகுக்கிறாய் என்று நின்றுவிட்டது. சமன்பாட்டில் மையத்திலிருந்து உள்ள தூரத்தால் வகுக்கும் ஒரு உறுப்பு இருக்கிறது. மையத்தில் தூரம் பூஜ்யம். நட்சத்திரத்துக்கு மையத்தில் ஒரு கஷ்டமும் இல்லை, நான் எழுதிய முறைக்குத்தான் கஷ்டம். இரண்டு நாள் பறக்கும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கினேன். மையத்துக்கு மிக அருகில் அந்த அளவு 1 இலிருந்து, தூரத்தின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்ததாக இருக்கும் என்று தொடர் விரிவு சொல்கிறது. ஆகவே மையத்தை விட்டு 0.01 தள்ளி நின்று, 0.9999833 என்று தொடங்கினேன். நடக்க ஆரம்பித்தது.

அடுக்கு எண் 1 க்கு விடை முன்கூட்டியே தெரியும். சரியாகப் பை. என் கணக்கிலும் 3.1416 வந்தது. இந்தப் பழக்கத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ஊசல் சொல்லித்தந்தது: விடை தெரிந்த கணக்கில் முறையைச் சோதிக்காமல், தெரியாத கணக்கில் அதை நம்பக்கூடாது. அடுத்து ஒன்றரை. இங்கே வினோதமாக ஒரு பிழைச் செய்தி வந்தது. கலப்பெண்ணைப் பூஜ்யத்தோடு ஒப்பிட முடியாது என்றது. நட்சத்திரத்தில் கலப்பெண் எங்கிருந்து வந்தது? மகளை எழுப்பினேன். தூக்கக் கலக்கத்திலேயே பார்த்துவிட்டு, "நெகட்டிவ் நம்பருக்கு ஒன்றரை அடுக்கு போடறம்மா நீ" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். ஆமாம். விளிம்புக்கு அருகே வைத்த எட்டு பூஜ்யத்தைத் தாண்டி எதிர்மறைக்குப் போயிருக்கிறது. நட்சத்திரம் முடிந்த பிறகும் நான் அதற்குள் நடப்பதாக நினைத்துக்கொண்டு கணக்கைத் தொடர்ந்திருக்கிறேன். விளிம்புக்கு முன்னாலேயே நின்று, கடைசி இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் நீட்டி மேற்பரப்பைக் கண்டுபிடித்தேன். ஒன்றரைக்கு 3.654. மூன்றுக்கு 6.897.

இதே எண்களை எம்டன் 1907 இல் வெளியிட்ட தன் நூலில் அட்டவணையாகப் போட்டிருக்கிறார். கணினி இல்லாத காலம். ஒவ்வொரு எட்டும் மனிதக் கையால் போட்ட கூட்டல், பெருக்கல். என் கணினி ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாத அதே பாதையில் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் நடந்திருக்கிறார்.

கடைசியில்தான் நான் காத்திருந்த இடம். அடுக்கு எண்ணை மூன்றில் வைத்துக்கொண்டு, நட்சத்திரத்தின் மைய அடர்த்தியை மாற்றிப் பார்த்தேன். பத்து மடங்கு கூட்டினேன். ஆரம் சுருங்கியது. நிறை மாறவில்லை. நூறு மடங்கு. ஆரம் இன்னும் சுருங்கியது. நிறை அதேதான். ஆயிரம் மடங்கு. ஆரம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது, நிறை சூரியனைப் போல 1.46 மடங்கு, அதே 1.46. இன்னும் இறுக்கிப் பிடித்தாலும் அதற்கு மேல் ஒரு துளி நிறையைத் தாங்க அந்த அழுத்தத்தால் முடியாது. சந்திரசேகர் வரம்பு என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 1.4 என ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு அந்த எண் என் திரையில் அடம்பிடித்து நின்றது. நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓடவிட்டேன். மறுபடி 1.46.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டும் என்று துடிப்பாக இருந்தது. எங்கள் வகுப்பறையில் கணினி கிடையாது. யோசித்துப் பார்த்தபோது அது ஒரு தடையாகவே தெரியவில்லை. ஹாலி வால்மீன் திரும்பி வரும் நாளைக் கணிக்க 1750களின் பிற்பகுதியில் கிளேரோ, லாலாண்ட், நிகோல்-ரெய்ன் லெபோட் என்ற பெண்மணி, மூவரும் உட்கார்ந்து மாதக்கணக்கில் காலையிலிருந்து இரவு வரை கையால் கணக்குப் போட்டார்கள். வியாழனும் சனியும் இழுப்பதையும் சேர்த்து. 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றார்கள். வால்மீன் சூரியனுக்கு மிக அருகில் வந்தது மார்ச் 13. மூன்று பேரால் அது முடியுமென்றால் ஒரு பிளஸ் ஒன் வகுப்பால் ஒரு மழைத்துளியைக் கணக்கிட முடியும்.

நவம்பரில் ஒரு நாள், நல்ல மழை, ஆனால் விடுமுறை விடவில்லை. முப்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து காற்றே இல்லாமல் விழுந்தால் துளி நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டரில், நம் தலையில் இறங்கும் என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பிறகு விதியைப் பலகையில் எழுதினேன். உங்கள் கையில் வரும் சீட்டில் ஒரு வேகம் இருக்கும். அதோடு 0.98 கூட்டுங்கள், அது ஈர்ப்பு. சீட்டில் வந்த வேகத்தின் வர்க்கத்தை 0.0232 ஆல் பெருக்கிக் கழியுங்கள், அது காற்று. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கி, புதுச் சீட்டில் எழுதி அடுத்தவரிடம் கொடுங்கள். ஒவ்வொருவரும் பத்தில் ஒரு பங்கு நொடி.

0.98, 1.94, 2.83 என்று சீட்டு முதல் பெஞ்சிலிருந்து நகர்ந்தது. எல்லாரும் தன் முறை வரும்வரை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெஞ்சு வரை போய் என் கைக்கு வந்தது 6.51. சுமார் 2 மில்லிமீட்டர் மழைத்துளி விழும் வேகம் நொடிக்கு ஆறரை மீட்டர்தான். கைதட்டினார்கள்.

அப்புறம் எல்லாச் சீட்டையும் வாங்கிப் பலகையில் வரிசையாக எழுதினேன். ஏழாவது 5.28. எட்டாவது 7.67. ஒன்பதாவது 7.29. "மிஸ், துளி திடீர்னு வேகமாகி, அப்புறம் மெதுவாகுதே?" என்றான் ஒருவன். ஏழாவது பிள்ளையின் கையெழுத்தில் இருந்த 5 ஐ எட்டாவது பிள்ளை 8 என்று படித்திருக்கிறாள். அவள் முகம் சுருங்கிவிட்டது. திருத்தி அங்கிருந்து மறுபடி ஓட்டினோம். 5.61, 5.86, 6.04 என்று ஏறி, கடைசிச் சீட்டில் வந்தது 6.49.

வகுப்பு அமைதியாகிவிட்டது. நடுவில் அவ்வளவு பெரிய தப்பு நடந்தும் துளி ஆறரைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஊசல் என்னை மன்னிக்கவே இல்லையே, மழைத்துளி மட்டும் ஏன் மன்னித்தது? அவர்களிடம் ஊசல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்த எட்டாவது சீட்டுப் பெண்தான் முதலில் சொன்னாள்: "வேகமாப் போனா காத்து ஜாஸ்தியா தள்ளுது மிஸ். மெதுவாப் போனா கம்மியா தள்ளுது. அதனால எங்க ஆரம்பிச்சாலும் அங்கதான் வரும்." ஊசலில் காற்று இல்லை. அங்கே தப்பைத் துடைத்துவிட எதுவும் இல்லாததால், ஒவ்வொரு எட்டின் பிழையும் அப்படியே உள்ளே தங்கிச் சேர்ந்துகொண்டே போனது.

மணி அடிக்கும் நேரத்தில் கடைசிப் பெஞ்சிலிருந்து இன்னொரு கேள்வி. இரண்டும் ஒரே இடத்துக்கு வரும் என்றால் ஒன்று 6.51, ஒன்று 6.49 ஏன்? நான் விடை சொல்லவில்லை. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கச் சொன்னோமே, அதனால்தான் மேலேயிருந்து வந்தது மேலேயும், கீழேயிருந்து வந்தது கீழேயும் சிக்கி நின்றுவிட்டதோ என்று அவர்களே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று தசம இடத்தோடு மறுபடி செய்து பார்க்கவேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைத் தமிழ் ஆசிரியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். சீட்டுகளை எட்டாவது சீட்டுப் பெண்ணே வெட்டிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.